உட்கார என்ன விலை?

ரோம் நகரத்தில் காபிக்கு இரண்டு விலை. நின்றபடி குடித்தால் ஒன்று, உட்கார்ந்து குடித்தால் ஒன்று. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் விலைப் பட்டியல் மாட்டி, அதை இரண்டு பத்தியாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். 'அல் பாங்கோ' என்றால் கவுண்டரில் நின்றுகொண்டு. 'அல் தாவோலோ' என்றால் மேஜையில். அதே காபி, அதே கோப்பை, அதே இரண்டு மடக்கு. நின்றால் ஒன்றேகால் யூரோ, ஒன்றரை யூரோ. உட்கார்ந்தால் நாலு, ஐந்து. எதிரே பார்க்கிற மாதிரி பழைய கட்டடம் ஏதாவது இருந்து தொலைத்தால் அதற்கும் மேலே.

உள்ளூர்க்காரர்கள் சமர்த்து. உள்ளே வருகிறார்கள், 'சாவ்' என்கிறார்கள், ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர் டீக்கடை மாதிரிதான். அந்த நாற்காலிகளெல்லாம் உங்களுக்கும் எனக்கும் போட்டவை.

யூரோ இப்போது நூறு ரூபாய்க்கு மேல். ஆகவே ரோமில் நாற்காலி வாடகை, பத்து நிமிஷத்துக்கு சுமார் முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டும் போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டேன். கூட அம்மா. வயது 67. திருச்சியில் தபால் ஆபீஸ் கவுண்டரில் 39 வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவள். ரிட்டயர் ஆன பிறகு இரண்டு முழங்காலும் 'இனிமேல் நாங்களும் வேலை செய்வதாக இல்லை' என்று சொல்லிவிட்டன. 2025-ல் தங்கையின் பிரசவத்துக்காக ஜெர்மனி போயிருந்தாள். மூன்று மாச விசா முடிகிற சமயம், அவளை அழைத்துவர நான் போனேன். விசா ஒன்றுதான், இத்தனை தூரம் வந்தாயிற்று, மூன்று நாள் ரோமைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று தங்கைதான் கிளப்பிவிட்டாள். மலிவு விலை விமானம். டிக்கெட்டை விட பெட்டிக்கு அதிகம் வாங்கினார்கள். அம்மா அப்போதே கைப்பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

தங்குவதற்கு ஒரு கன்னியர் மடம். ரோமில் சிக்கனப் பயணிகளுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். நிறைய மடங்களில் அறை வாடகைக்குத் தருகிறார்கள். நட்சத்திர ஓட்டலில் பாதிகூட ஆகாது. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். சுவரில் ஒரு சிலுவை, ஒரு மேஜை, கஞ்சி போட்ட விரிப்பு, அவ்வளவுதான். ராத்திரி 11 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மாவும் நானும் 11 மணிக்கு மேல் ரோமில் என்ன செய்யப் போகிறோம்! எங்கள் மடத்தில் இருந்த சிஸ்டர்களில் ஒருவர் பாலக்காட்டுப் பக்கம். அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் மலையாளத்தில் பேச, இவள் தமிழில் பேச, இத்தாலியின் தலைநகரத்தில் மோர்க்குழம்பு வைப்பது எப்படி என்று அரைமணி நேரம் சம்பாஷணை நடந்தது.

சாப்பாட்டுக்கு, பீட்ஸாவை எடை போட்டு விற்கிற கடைகள் இருக்கின்றன. நீளத் தட்டில் சுட்டு வைத்திருப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தராசில் வைக்கிறார்கள். மேலே உருளைக்கிழங்கு சீவிப் போட்ட ரகம் ஒன்று உண்டு. சைவர்களுக்கு உத்தமம். இதிலும் நின்றபடியேதான் சாப்பிட வேண்டும். உட்காரும் ஓட்டல் ஒன்றின் வாசலில் மெனு அட்டையைப் படித்தபோது, பாலாடைக்கட்டியும் மிளகும் போட்ட 'காச்சோ எ பேபே' என்ற ரோமாபுரிப் பண்டம் ஒன்றுக்கு 14 யூரோ என்று போட்டிருந்தது. "சேவையில மிளகுப் பொடி தூவி ஆயிரத்து நானூறு ரூபாயா?" என்றாள் அம்மா. மிளகு விஷயத்தில் ரோமானியர்கள் எப்போதுமே இப்படித்தான். முசிறித் துறைமுகத்துக்கு யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு சொல்கிறது இல்லையா, அந்த மிளகைக் கொட்டி வைக்க இங்கே அரசாங்கக் கிடங்கே கட்டியிருந்தார்கள். கி.பி. 408-ல் அலாரிக் என்ற விஸிகோத் தலைவன் ஊரை முற்றுகையிட்டு, திரும்பிப் போகப் பிணைத்தொகை கேட்டான். தங்கம், வெள்ளி, பட்டு இவற்றோடு 3,000 ராத்தல் மிளகு. கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்து ஊரைச் சூறையாடினான் என்பது வேறு விஷயம்.

ஆனால் தண்ணீருக்கு மட்டும் ரோமில் காசு கேட்பதில்லை. தெருவுக்குத் தெரு வார்ப்பிரும்புக் குழாய்த் தூண். வளைந்த மூக்கு மாதிரி ஒரு குழாய், அதிலிருந்து ராப்பகலாக சில்லென்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'நாசோனி' என்று பெயர், பெரிய மூக்குகள் என்று அர்த்தம். 1874-லிருந்து நிற்கின்றன, ஊர் முழுக்கச் சுமார் 2,500. மூக்கின் மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. கீழே வாயை விரலால் அடைத்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து மேலே வரும், குனியாமல் குடிக்கலாம். இதைக் கற்றுக்கொள்ளாமல் தண்ணீர் பாட்டிலுக்கு 2 யூரோ கொடுப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அம்மா முதல் நாளே கற்றுக்கொண்டுவிட்டாள். முழங்கால் வலிக்காரர்களுக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறதே என்றாள்.

ஆக, தாகத்துக்கு வழி உண்டு, பசிக்கு வழி உண்டு. உட்காரத்தான் வழியில்லை.

இரண்டாம் நாள் ஸ்பானியப் படிகளுக்குப் போனோம். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட படிகள், மேலே இரட்டைக் கோபுர மாதா கோயில். பெயர்தான் ஸ்பானியப் படிகள். 1720-களில் கட்டப் பணம் கொடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரர். படிகளின் அடியில் வலப்பக்க வீட்டில்தான் கவிஞர் கீட்ஸ் 1821-ல் 25 வயதில் காசநோயில் செத்துப்போனார். முந்நூறு வருஷமாக இந்தப் படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஓவியர்கள், மாடலாக நிற்க வேலை தேடி வந்தவர்கள், பூக்காரிகள், காதலர்கள், கையில் காசில்லாத எல்லோரும். 2019 ஆகஸ்ட்டிலிருந்து அது சட்டப்படி குற்றம். உட்கார்ந்தால் 250 யூரோ அபராதம். அழுக்குப் பண்ணினால் 400 வரை போகும்.

அம்மாவுக்கு அது தெரியாது. படியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனவள், பக்கத்தில் 'பீப்' என்று விசில் சத்தம் கேட்டு அப்படியே நின்றாள். விசில் எங்களுக்கில்லை. நாலு படி மேலே உட்கார்ந்திருந்த இரண்டு பேரைக் காவலர் ஒருவர் எழுப்பிக்கொண்டிருந்தார்.

"படி எதுக்குடா கட்டினாங்க?" என்றாள் அம்மா.

"ஏறிப் போறதுக்கு."

"ஏறினா உட்கார வேண்டாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், சரி. பீட்ஸாவைக் கொட்டுகிறார்கள், ஒயினைக் கவிழ்க்கிறார்கள், அதுவும் சரி. 2016-ல் லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தார்கள், வாஸ்தவம். ஆனால் எதிரே தெருவில் இருக்கிற கைப்பைக் கடைகளில் ஒரு பையின் விலை அம்மாவின் ஒரு வருஷப் பென்ஷன். அங்கே உள்ளே போனால் சோபா போட்டிருக்கிறார்கள். உட்காரச் சொல்லி ஒயின்கூடத் தருவார்களாம். அழுக்குப் பண்ணுகிறவர் யார் என்பது பணத்தைப் பொறுத்து முடிவாகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்.

த்ரேவி நீரூற்றிலும் இதே கதை. கி.மு. 19-ல் அக்ரிப்பா கட்டிய கால்வாயின் வழியில் இன்றைக்கும் தண்ணீர் வந்து இங்கே கொட்டுகிறது. நாங்கள் போனபோது வரிசையில் நிற்க வைத்து, 400 பேருக்கு மேல் போகாமல் உள்ளே விட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு காசைத் தண்ணீரில் எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்பது ஐதீகம். காவிரிப் பாலத்தில் ரயில் போகும்போது காசு போட்டுப் பழகிய கை. அம்மா சளைக்காமல் 2 சென்ட் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்து, முதுகைக் காட்டாமல், நேராகப் பார்த்தே போட்டாள். விழுகிற காசெல்லாம் 'காரித்தாஸ்' என்ற கத்தோலிக்கத் தர்ம ஸ்தாபனத்துக்குப் போகிறது. வருஷத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல். 2026 பிப்ரவரியிலிருந்து கிட்டே இறங்கிப் பார்க்கவே 2 யூரோ டிக்கெட் போட்டுவிட்டார்கள். தள்ளி நின்று பார்த்தால் இலவசம்.

பாந்தியோனும் அப்படித்தான். 2023 ஜூலை வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் போனபோது 5 யூரோ. ஆனால் இதைக் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 1,900 வருஷமாகக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் நிற்கிற குவிமாடம். குறுக்களவு 43 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43 மீட்டர். உச்சியில் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை, மூடி கிடையாது. மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று அம்மா கேட்டாள். தரையைப் பார்க்கச் சொன்னேன். சலவைக் கல்லில் 22 சின்னச் சின்னத் துளைகள். பெய்கிற மழை அதில் இறங்கிவிடும். "நம்ம மொட்டை மாடியில ஒரு துளை போட்டுட்டு அந்தக் கொத்தனார் என்ன பாடு படுத்தினான்!" என்றாள். பத்து யூரோ என்று டைரியில் எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.

வெளியே வந்ததும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண். அதன் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "நாளைக்கு நீ போய்ப் பாத்துட்டு வாடா. நான் ரூம்லயே இருக்கேன். எனக்கு இது போதும்" என்றாள்.

இந்த 'எனக்கு இது போதும்' உங்கள் வீட்டிலும் இருக்கும். அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்த வருஷங்களில் தினமும் கேட்ட வாக்கியம். சாதம் கம்மியானால் போதும், தீபாவளிக்குப் புடவை வேண்டாம், இருக்கிறது போதும். அந்தப் 'போது'மில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கணக்கு என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. டாக்ஸி வைக்கலாம் என்றேன், வேண்டாம் என்றாள். காபிக் கடை நாற்காலியில் உட்காரு, காசு நான் தருகிறேன் என்றேன். "காபி குடிக்கப் பிடிக்கலே. உட்காரத்தான் வேணும். அதுக்குப் போய்க் காசா?" என்றாள். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து, இரண்டு முழங்காலுக்காக மூன்றாம் நாள் முழுக்க ஒரு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாள். இனிமேல் இவளை எங்கே, எப்போது ரோமுக்குக் கூட்டி வரப்போகிறேன்?

அன்று ராத்திரி பாலக்காட்டு சிஸ்டர்தான் விஷயத்தைத் தீர்த்து வைத்தார். அம்மா கால் வலியைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே, "பள்ளியில் கேறி இருந்நால் மதி, அம்மே" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல போயா?"

மலையாளத்தில் மாதா கோயிலுக்குத்தான் பள்ளி என்று பெயர். ஏறிப்போய் உட்கார்ந்தால் போதும் என்கிறார். "ஆரும் சோதிக்கில்ல" என்றார் சிஸ்டர். அதற்கும் நான்தான் அர்த்தம் சொன்னேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

ரோமில் 900-க்கு மேல் மாதா கோயில்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பெஞ்சு, கிட்டத்தட்ட எல்லாமே இலவசம். மத்தியானம் பூட்டிவிட்டு மூன்று, நாலு மணிக்குத் திறப்பார்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தால் இந்த ஊரே உட்கார இடம் தேடி வந்தவர்களால் ஆன ஊர். 1300-ல் எட்டாம் போனிஃபேஸ் போப் முதல் ஜூபிலி வருஷத்தை அறிவித்தார். ரோமுக்கு வந்து கும்பிட்டால் பாவ மன்னிப்பு. ஐரோப்பா முழுக்க இருந்து ஜனங்கள் நடந்தே வந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் போகிறவர்கள் ஒரு பக்கம், வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட வேண்டியிருந்தது என்று தாந்தே தன் காவியத்தில் நரகத்தை வர்ணிக்கிற இடத்தில் உவமையாகச் சொல்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் ஃபிலிப் நேரி என்ற மகான் யாத்ரீகர்களுக்கென்றே ஒரு சபை ஆரம்பித்தார். சோறு, படுக்கை எல்லாம் இலவசம். வந்தவர்களின் புழுதிக் காலைப் பெரிய மனிதர்கள், கார்டினல்கள் உட்பட, மண்டியிட்டுக் கழுவிவிடுவார்கள். 1600 ஜூபிலியில் லட்சக்கணக்கானவர்கள் வந்தார்களாம். அத்தனை பேரும் கையில் காசில்லாத பயணிகள். நம்ம ஆட்கள்.

நாங்கள் போன 2025-ம் ஜூபிலி வருஷம்தான். மூன்றாம் நாள் காலை மடத்திலிருந்து கிளம்பியபோது, செயிண்ட் பீட்டர்ஸுக்குப் போகும் அகலத் தெருவில் கும்பல் கும்பலாக ஜனங்கள் மரச் சிலுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டே போனார்கள். பழனிக்குக் காவடி போகிற மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. அவள் வயதுப் பெண்மணி ஒருத்தி கைத்தடியோடு நடந்ததைப் பார்த்த பிறகு கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

பஸ்ஸில் போய் பியாட்ஸா நவோனாவில் இறங்கினோம். ரோமில் இலவச பெஞ்சே கிடையாது என்று சொன்னால் பாவம். இங்கே கல் பெஞ்சுகள் இருக்கின்றன. காலி இடம் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்த பெஞ்சுக்கு எதிரே பெர்னினி 1651-ல் முடித்த நாலு நதி நீரூற்று. நைல், டான்யூப், தென்னமெரிக்காவின் பிளாத்தா, நம் கங்கை. கங்கை எது என்று அம்மா ஆவலாகக் கேட்டாள். காட்டினேன். தாடி வைத்த கட்டுமஸ்தான ஆள், கையில் நீளமாக ஒரு துடுப்பு.

"கங்கை ஆம்பளையா?" அம்மாவுக்குத் தாங்கவில்லை. "இவங்களுக்கு யாருமே சொல்லலையா?"

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி சான் லூயிஜி. ரோமில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்களின் கோயில். உள்ளே இடப்பக்கம் கடைசிச் சன்னிதியில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று படங்கள், 1600-ஐ ஒட்டி வரைந்தவை. இவற்றை ஒரு மியூசியத்தில் வைத்தால் 20 யூரோ தாராளமாகக் கேட்கலாம். இங்கே சும்மா. ஆனால் இருட்டு. பக்கத்தில் ஒரு உண்டியல், காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். சிக்கனப் பயணிகள் செய்கிற காரியம் என்னவென்றால், யாராவது காசு போடும்வரை இருட்டில் பொறுமையாக நிற்பது. எங்களோடு ஒரு பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோரும் உண்டியலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு ஜப்பானியப் பெரியவர் போட்டார். பளிச்.

இடப்பக்கப் படத்தில் ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து பேர். வரி வசூல்காரர்கள். வலப்பக்க ஓரத்தில் ஏசுநாதர் கையை நீட்டி மத்தேயுவைக் கூப்பிடுகிறார். அவர் தலைக்கு மேலாக வெளிச்சம் சாய்வாக விழுகிறது. எல்லோரும் ஏசுவின் கையைப் பார்க்கும்போது அம்மா மட்டும் இடது ஓரத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பையனைப் பாரு. யார் வந்தா என்னன்னு தலையையே தூக்கலே. காசு எண்ணிட்டிருக்கான்." கொஞ்சம் கழித்து, "சாயங்காலம் கேஷ் டேலி ஆகலேன்னா நானும் இப்படித்தான் இருப்பேன். சாமியே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாது" என்றாள்.

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விளக்கத்திலும் அந்தப் பையனிடம் இவ்வளவு அனுதாபம் இல்லை.

விளக்கு அணைந்தது. அடுத்து, ஐந்து நிமிஷ நடையில் சாந்த் அகோஸ்தினோ. வாசலில் படிகள், பிடித்துப் பிடித்து ஏற்றினேன். உள்ளே நுழைந்ததும் ஓரத்தில் குழந்தையோடு மாதா சிலை, சன்சோவினோ 1521-ல் செதுக்கியது. பிரசவ மாதா என்று பெயர். கர்ப்பிணிகள் வந்து வேண்டிக்கொள்வார்கள். தொட்டுத் தொட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம். சுற்றிலும் நீலமும் ரோஜா நிறமுமாக ரிப்பன்கள், குழந்தைப் படங்கள். இதற்கு அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தாயுமானவர் கோயிலில் வாழைத்தார் வைத்து வேண்டிக்கொண்ட ஊர்க்காரி. தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு இங்கேயும் ஒரு கும்பிடு போட்டாள். போன் திறந்து பேரன் படத்தை ஒரு தடவை சிலைக்குக் காட்டின மாதிரி இருந்தது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இடப்பக்கம் முதல் சன்னிதி. பெஞ்சு இருந்தது. அம்மா ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோயிலில் செருப்போடு உட்கார அவளுக்கு வராது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தங்கை வாங்கித் தந்த ஷூ, அரை அளவு சின்னது. கால் வீங்கியிருந்தது.

எதிரே கரவாஜ்ஜோவின் 'லொரேத்தோ மாதா'. மாதாவின் வீட்டை தேவதைகள் ஆகாய மார்க்கமாகத் தூக்கிக்கொண்டு வந்து இத்தாலியில் லொரேத்தோ என்ற ஊரில் வைத்தார்கள் என்று கதை. மற்ற ஓவியர்கள் பறக்கிற வீட்டை வரைந்தார்கள். எர்மெத்தே கவல்லெத்தி என்பவர் எழுதி வைத்துவிட்டுப் போன பணத்தில் இவர் வரைந்தது, காரை உதிர்ந்த ஒரு வீட்டு வாசல். வாசற்படியில் வெறுங்காலோடு, நிலைப்படியில் சாய்ந்து, கையில் குழந்தையோடு ஒரு பெண். யாரோ கதவைத் தட்டினார்கள், இடுப்புக் குழந்தையோடு வந்து பார்க்கிற மாதிரி. கீழே மண்டியிட்டு இரண்டு யாத்ரீகர்கள். ஒருவன் ஆண், பக்கத்தில் கிழவி. ஆணின் பாதங்கள் நம் பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. அழுக்கென்றால் அழுக்கு, நாள்கணக்கில் நடந்த அழுக்கு. பீடத்துக்கு மேலே, பூசை வைக்கிற பாதிரியாரின் முகத்துக்கு நேரே வருகிற உயரத்தில்.

1600-களின் ஆரம்பத்தில் இந்தப் படம் வந்தபோது ஜனங்களிடையே ஒரே கூச்சலாம். எழுதி வைத்தவர் பல்யோனே, கரவாஜ்ஜோ மேல் 1603-ல் அவதூறு வழக்குப் போட்ட சக ஓவியர். அழுக்குக் காலையும், கிழவியின் கிழிந்த அழுக்குத் தொப்பியையும் பற்றித்தான் ஜனங்கள் அந்தச் சத்தம் போட்டார்கள் என்று குறை மாதிரியே எழுதியிருக்கிறார். முகம் சுளித்துத்தான் கத்தினார்களா, அல்லது நம்மை வரைந்திருக்கிறானே என்று கத்தினார்களா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. கரவாஜ்ஜோ 1606-ல் ஒருவனைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடினார். நாலு வருஷத்தில் செத்தும் போனார். படம் நானூறு வருஷமாக அதே சுவரில் இருக்கிறது.

இங்கேயும் உண்டியல் விளக்குதான். நான் ஒரு யூரோ போட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பையன் அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்றாள்.

விளக்கு அணைந்துவிட்டது. எழுந்து போகலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் தானாக ஒரு காசு எடுத்துச் செலவழிக்காதவள், த்ரேவியின் 2 சென்ட் நீங்கலாக. ஒரு யூரோ நாணயத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "போடு" என்றாள்.

போட்டேன். பின்னால் யாரோ நாலைந்து பேர் முதுகுப் பையோடு வந்து நின்றார்கள். "நகர்ந்து நில்லு, மறைக்குது" என்றாள் அம்மா என்னிடம்.

இப்படி மூன்று தடவை விளக்கு எரிந்தது. அவள் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி சுமாருக்குச் சாவிக் கொத்தோடு ஒரு வயசானவர் வந்தார். எங்களைப் பார்த்தார், ஜோடியாக வைத்திருந்த ஷூவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போய் வேறு கதவைப் பூட்டத் தொடங்கினார். வீங்கின காலில் ஷூ ஏறவில்லை. நான் கீழே உட்கார்ந்து லேஸைத் தளர்த்தி, மாட்டி, கட்டிவிட்டேன்.

வெளியே வெயில். 64-ம் நம்பர் பஸ் வரும் பெரிய தெருவுக்கு மெதுவாக நடந்தோம். பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன பஸ், கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏறியதும் ஒரு காலேஜ் பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். டிக்கெட் ஒன்றரை யூரோ. நின்றாலும் உட்கார்ந்தாலும் அதே விலைதான்.